தேசியத் தேர்தலுக்கு முன் கட்சியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? வாக்காளருக்கான முழுமையான வழிகாட்டி

நம்மில் பலர் கட்சியைத் தேர்ந்தெடுக்கும் வரிசை இப்படித்தான் இருக்கிறது. முதலில் ஒரு தலைவரைப் பிடித்துப்போகிறது, அல்லது அறவே பிடிக்காமல் போகிறது. அதற்கேற்ற காரணங்கள் பிறகு வந்து சேர்கின்றன. அந்தக் காரணங்களைக் காப்பாற்ற வீட்டிலும் வேலையிடத்திலும் வாதாடுகிறோம். தேர்தல் அறிக்கை வெளியாகும்போது நமக்குச் சாதகமான பக்கங்களை மட்டும் புரட்டுகிறோம். நம் வாக்கு எப்படி எண்ணப்படுகிறது என்ற கேள்வியோ, முடிவுகள் வந்த பிறகே எழுகிறது.

இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. வாக்கு எண்ணப்படும் முறையில் தொடங்குங்கள். அடுத்து உங்கள் தேவைகள், அதன்பின் கட்சிகளின் கடந்தகாலம், பிறகுதான் வாக்குறுதிகள். விவாதமும் தலைவர்களும் கடைசியில் வரட்டும். தேர்தலுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது தொடங்கினால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும். ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் இருந்தால் சரி.

படி 1: உங்கள் வாக்கு எப்படி எண்ணப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலோர் தாண்டிப் போகும் படி இது. ஆனால் மற்ற எல்லாப் படிகளும் இதன் மேல்தான் நிற்கின்றன. ஒரே எண்ணிக்கை வாக்குகள், எண்ணும் முறையைப் பொறுத்து முற்றிலும் வேறுபட்ட நாடாளுமன்றங்களை உருவாக்கக்கூடும்.

இந்தியாவிலும் பிரிட்டனிலும் தொகுதியில் அதிக வாக்கு பெற்றவர் வெற்றி பெறுகிறார். பாதிக்கு மேல் பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2014 மக்களவைத் தேர்தலில் பாஜக சுமார் 31 சதவீத வாக்குகளுடன் 543 இடங்களில் 282 இடங்களைப் பெற்றது. பிரிட்டனில் 2024இல் தொழிற்கட்சி ஏறத்தாழ 34 சதவீத வாக்குகளுடன் 650 இடங்களில் 411 இடங்களை வென்றது. அதே தேர்தலில் ரிஃபார்ம் கட்சி 14 சதவீத வாக்குகளுக்கு ஐந்து இடங்களையும், லிபரல் டெமாக்ரட் கட்சி 12 சதவீத வாக்குகளுக்கு 72 இடங்களையும் பெற்றன. ஒரு கட்சியின் வாக்குகள் நாடெங்கும் பரவிக் கிடந்தன. மற்றதன் வாக்குகள் சில பகுதிகளில் குவிந்திருந்தன. இத்தகைய முறையில் நாடு தழுவிய அலையைப் பார்த்து முடிவெடுப்பது போதாது. உங்கள் தொகுதியின் கடந்த மூன்று தேர்தல் முடிவுகளை எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு இடங்களில் யார் வந்தார்கள், வித்தியாசம் எவ்வளவு, மூன்றாமவர் எவ்வளவு தொலைவில் இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கட்சிகள் பெறும் வாக்கு விகிதப்படி இடங்கள் பிரியும் விகிதாசார முறையில் நிலைமை வேறு. நெதர்லாந்தின் கீழவையில் 150 இடங்கள். நாடு முழுவதும் ஒரே தொகுதி போலக் கணக்கிடுவதால், ஒரு சதவீதத்துக்கும் குறைவான வாக்குகளே ஓர் இடத்துக்குப் போதும். சிறிய கட்சிக்கு வாக்களித்தால் வீணாகிவிடுமோ என்ற அச்சத்துக்கு அங்கே பெரிய இடமில்லை. ஜெர்மனியில் 5 சதவீத வரம்பு உண்டு; அதற்குக் கீழே பெறும் கட்சிக்குப் பொதுவாக இடம் கிடைக்காது. 2025 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் சாரா வாகன்க்னெக்ட்டின் கட்சி 4.98 சதவீதம் பெற்றது. பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் நாடாளுமன்றத்துக்கு வெளியே நின்றது. வரம்பின் விளிம்பில் நிற்கும் கட்சியை ஆதரிப்பவர் இந்தக் கணக்கைத் தெரிந்து வாக்களிக்க வேண்டும். நியூசிலாந்திலும் 5 சதவீத வரம்பு இருக்கிறது. ஆனால் ஒரு தொகுதியை நேரடியாக வென்றுவிட்டால் அந்த வரம்பு பொருந்தாது.

விருப்ப வரிசை முறை பின்பற்றப்படும் நாடுகளில் வாக்காளருக்குக் கூடுதல் வசதி உண்டு. ஆஸ்திரேலியாவில் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம். முதலில் குறித்தவர் தோற்றால் வாக்கு அடுத்தவருக்கு நகரும். இலங்கை அதிபர் தேர்தலில் மூன்று பேர் வரை விருப்பம் தெரிவிக்கலாம். 2024 செப்டம்பரில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பங்கள் எண்ணப்பட்டன. முதல் விருப்பத்தை மட்டும் குறித்துவிட்டு வந்தவர்களின் வாக்கு, அவர்கள் ஆதரித்தவர் வெளியேறியிருந்தால், அந்தச் சுற்றில் எதையும் சொல்லவில்லை. இலங்கை நாடாளுமன்றத் தேர்தலிலோ முதலில் கட்சியைக் குறித்து, பிறகு அந்தக் கட்சியின் பட்டியலில் மூன்று பேருக்கு விருப்பு வாக்கு தரலாம். மாவட்டங்களிலிருந்து 196 பேர் வருகிறார்கள். மீதி 29 பேர் தேசியப் பட்டியல் வழியாக வருகிறார்கள். அந்தப் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவர் மட்டும் மீண்டும் மோதும் இரண்டு சுற்று முறைக்குப் பிரான்ஸ் தந்த பாடம் 2002ஆம் ஆண்டு அதிபர் தேர்தல். முதல் சுற்றில் 16 பேர் போட்டியிட்டார்கள். இடதுசாரி வாக்குகள் பல பேருக்குச் சிதறின. சோசலிஸ்ட் வேட்பாளர் ஜோஸ்பன் 16.18 சதவீதத்தில் நின்றுவிட, 16.86 சதவீதம் பெற்ற தீவிர வலதுசாரி லு பென் இரண்டாம் சுற்றுக்குப் போனார். இறுதிச் சுற்றுக்கு ஜோஸ்பன் எப்படியும் வந்துவிடுவார் என்று நம்பி முதல் சுற்றில் வேறு வேட்பாளர்களுக்கு வாக்களித்த இடதுசாரிகளுக்கு, இரண்டாம் சுற்றில் தங்கள் அணியில் ஒருவருமே இல்லை.

இந்தியாவில் 2013 முதல் நோட்டா இருக்கிறது. மக்களவைத் தேர்தலில் அது முடிவை மாற்றாது: நோட்டாவுக்கு அதிக வாக்கு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவரே வெற்றி பெற்றவர். எதிர்ப்பைப் பதிவு செய்ய அது ஒரு வழி. யாரையும் தடுக்க அதனால் முடியாது.

இந்தப் படி முடியும்போது மூன்று கேள்விகளுக்கு விடை எழுதியிருக்க வேண்டும். நான் வாக்களிப்பது நபருக்கா, கட்சிக்கா, இரண்டுக்குமா? என் தொகுதியில் அல்லது மாவட்டத்தில் உண்மையான போட்டி யாருக்கிடையே? என் முதல் விருப்பம் தோற்றால் என் வாக்கு என்ன ஆகும்?

படி 2: தேர்தல் அறிக்கைகளைத் திறப்பதற்கு முன் உங்கள் பட்டியலை எழுதுங்கள்

முன் என்பது இங்கே முக்கியம். கட்சிகளின் அறிக்கையைப் படித்துவிட்டு எழுதினால், அவை பேச விரும்பும் விஷயங்களே உங்கள் விஷயங்களாகிவிடும்.

ஐந்து அல்லது ஆறு தேவைகள் எழுதினால் போதும். ஒவ்வொன்றையும் சரிபார்க்கக்கூடிய வடிவில் எழுதுங்கள். "வேலைவாய்ப்பு" என்று எழுதினால் எல்லாக் கட்சிகளும் அதில் தேறிவிடும். "படிப்பை முடித்தவர்களுக்கு ஊதியத்துடன் கூடிய பயிற்சி வேண்டும்" என்று எழுதினால் பாதிக் கட்சிகள் திணறும். "விலைவாசி", "ஊழல்", "பாதுகாப்பு" எல்லாவற்றையும் இப்படியே உடைத்து எழுதுங்கள். ஒன்றாவது உங்களுக்கு நேரடியாகப் பயன்படாததாக இருக்கட்டும்: உங்களைவிட வயதில் மூத்தவருக்கோ, உங்களைவிட எளிய நிலையில் இருப்பவருக்கோ, இன்னும் வாக்குரிமை வராத பிள்ளைகளுக்கோ வேண்டிய ஒன்று.

எழுதிய ஒவ்வொன்றும் தேசிய அரசின் அதிகாரத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். கூட்டாட்சி நாடுகளில் நாம் கோபப்படும் பல விஷயங்கள் வேறு மட்டத்தில் முடிவாகின்றன. இந்தியாவில் காவல் துறையும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. பாதுகாப்பும் ரயில்வேயும் ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. கல்வி 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்கு நகர்ந்தது. ஜெர்மனியில் பள்ளிகள் மாநிலங்களின் பொறுப்பு. உள்ளூர்ச் சாலைக்காக நாடாளுமன்ற உறுப்பினரைத் தண்டிப்பதில் பயனில்லை. ஆனால் சாலைக்கான நிதிப் பகிர்வை மறுத்த தேசிய அரசைக் கேள்வி கேட்கலாம்.

பட்டியலுக்கு மேலே ஒரு கோடு போட்டு, எந்தச் சலுகைக்காகவும் விட்டுக்கொடுக்க முடியாதவற்றை எழுதுங்கள். என் கணக்கில் முதலாவது இது: தோற்றால் தோல்வியை ஏற்றுக்கொண்டு பதவியை விட்டுப் போகும் கட்சியா? வரிக் கொள்கையில் தவறு நேர்ந்தால் அடுத்த தேர்தலில் திருத்திக்கொள்ளலாம். அடுத்த தேர்தலையே மதிக்காத கட்சியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் திருத்துவதற்கு வழியே இருக்காது. இரண்டாவது, நாட்டு மக்களில் ஒரு பிரிவினரைக் குறைந்த குடிமக்களாகப் பேசும் கட்சியா என்பது. இந்த இரண்டில் தவறும் கட்சியை மேற்கொண்டு ஆராயவே நான் நேரம் செலவிட மாட்டேன்.

படி 3: வாக்குறுதிக்கு முன் வரலாறு

ஆட்சியில் இருந்த கட்சி என்றால், சென்ற தேர்தலில் அது வெளியிட்ட அறிக்கையை முதலில் தேடி எடுங்கள். உங்கள் பட்டியலில் இருப்பவற்றைப் பற்றி அன்று என்ன சொன்னது, என்ன நடந்தது என்று இரண்டு பத்திகளில் எழுதுங்கள். அரசியல்வாதிகள் எதையுமே நிறைவேற்றுவதில்லை என்ற பேச்சை நம்பிவிட வேண்டாம். பல நாடுகளை ஒப்பிட்ட அரசியல் ஆய்வுகள், மக்கள் நினைப்பதைவிட அதிகமான வாக்குறுதிகள் நிறைவேறுகின்றன என்றும், தனிக்கட்சி ஆட்சிகளில் அது கூட்டணி ஆட்சிகளைவிட அதிகம் என்றும் தொடர்ந்து கண்டிருக்கின்றன. ஆகவே வாக்குறுதிகளைப் படிப்பது வீண் வேலை இல்லை. பயமுறுத்தும் வாக்குறுதிகளையும் அதே தீவிரத்துடன் படிக்க வேண்டும் என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

நமக்கு நினைவு குறுகியது. தேர்தலுக்கு முந்தைய சில மாதங்களின் பொருளாதாரம் முழு ஆட்சிக்காலத்தையும் மறைத்துவிடுகிறது என்பது தேர்தல் ஆய்வாளர்கள் நன்கு அறிந்த விஷயம். கடைசி நேர விலைக் குறைப்பும் அவசரத் திறப்பு விழாக்களும் அதனால்தான். ஆண்டுவாரியாக நான்கு அல்லது ஐந்து கட்டங்கள் போட்டு, ஒவ்வோர் ஆண்டிலும் உங்கள் வாழ்க்கையில் ஏற்பட்ட மாற்றத்தை எழுதினால் இந்த மறதிக்கு மருந்து கிடைக்கும். அத்துடன், எது அரசு செய்தது, எது உலகில் எங்கும் நடந்தது என்று பிரியுங்கள். 2020இன் பெருந்தொற்றுக்கு எந்த அரசும் காரணமில்லை. அதை எப்படிச் சமாளித்தது என்பதற்கு ஒவ்வோர் அரசும் பொறுப்பு.

எதிர்க்கட்சியின் வரலாற்றை நாடாளுமன்றப் பதிவுகளில் பார்க்கலாம். பிரிட்டனின் ஹன்சார்டு, இந்திய மக்களவையின் இணையதளம் போன்றவை விவாதங்களை முழுமையாக வெளியிடுகின்றன. இந்தியாவில் 2005 முதல் இயங்கும் பிஆர்எஸ் (PRS) என்ற நாடாளுமன்ற ஆய்வு அமைப்பு உறுப்பினர்களின் வருகை, கேட்ட கேள்விகள், கலந்துகொண்ட விவாதங்கள் ஆகியவற்றைத் தொகுக்கிறது. எதிர்த்தார்களா என்பதோடு நிற்காமல், மாற்றாக என்ன முன்வைத்தார்கள் என்று தேடுங்கள். அந்தக் கட்சி ஏதாவது மாநிலத்தையோ பெருநகரத்தையோ ஆண்டிருந்தால் அதுதான் ஆகச் சிறந்த சான்று.

புதிய கட்சிக்குக் கடந்தகாலம் இருக்காது. அதன் முன்னணி ஆட்கள் முன்பு எங்கே இருந்தார்கள், உட்கட்சித் தேர்தல் நடக்கிறதா, தலைவரைக் கேள்வி கேட்டவர்களுக்கு என்ன ஆனது என்ற மூன்றையும் பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

படி 4: தேர்தல் அறிக்கையைப் படிக்கும் முறை

முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். முன்னுரை எப்போதும் உணர்ச்சிக்கானது. உங்கள் பட்டியலை வைத்துக்கொண்டு அந்தந்தப் பகுதிக்கு நேரே போங்கள்.

வினைச்சொற்களைப் பாருங்கள். "பரிசீலிப்போம்", "முயற்சி எடுப்போம்", "ஊக்குவிப்போம்", "குழு அமைப்போம்" என்று எழுதிய கட்சி எதற்கும் கட்டுப்படவில்லை. "சட்டம் இயற்றுவோம்", "இந்த ஆண்டுக்குள் நிரப்புவோம்", "இவ்வளவு ஒதுக்குவோம்" என்று எழுதிய கட்சியை ஐந்து ஆண்டு கழித்துப் பிடித்து நிறுத்தலாம். ஒவ்வொரு வாக்குறுதியிடமும் நான்கு கேள்விகள் கேளுங்கள்: யார் செய்வார்கள்? எப்போதுக்குள்? எவ்வளவு செலவு? பணம் எங்கிருந்து வரும்?

கடைசிக் கேள்விக்கு விடை காணச் சில நாடுகளில் பொது ஏற்பாடே இருக்கிறது. நெதர்லாந்தின் மத்தியத் திட்டமிடல் பணியகம் 1986 முதல் கட்சிகளின் திட்டங்களுக்குக் கணக்குப் போட்டுத் தருகிறது. ஆஸ்திரேலியாவில் 2012இல் தொடங்கிய நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் இதைச் செய்கிறது. பிரிட்டனில் நிதி ஆய்வு நிறுவனம் என்ற தன்னாட்சி அமைப்பு ஒவ்வொரு தேர்தலிலும் அறிக்கைகளை அலசுகிறது. இந்தியாவில் உச்ச நீதிமன்றத்தின் 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, தேர்தல் நடத்தை விதிகளில் அறிக்கைகள் பற்றிய பகுதி சேர்க்கப்பட்டது; வாக்குறுதிக்கான காரணத்தையும் நிதி திரட்டும் வழியையும் பொதுவாகவாவது சொல்ல வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பை ஒரு கட்சி எவ்வளவு மதித்திருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அறிக்கையில் இல்லாதது பல நேரம் இருப்பதைவிட அதிகம் சொல்லும். சென்ற முறை ஒரு முழுப் பக்கம் பிடித்த விஷயம் இம்முறை காணாமல் போயிருந்தால், அதை உங்கள் தொகுதி வேட்பாளரிடம் நேரில் கேளுங்கள். கூட்டத்திலோ வீடு வீடாக வரும்போதோ கேட்கக்கூடிய மிகப் பயனுள்ள கேள்வி அதுதான். மனப்பாட விடை அதற்கு இருக்காது.

படி 5: ஒப்பீட்டுக் கருவிகளை இரண்டாம் கருத்தாக வைத்துக்கொள்ளுங்கள்

உங்கள் கருத்துகளைக் கட்சிகளின் நிலைப்பாடுகளோடு ஒப்பிட்டுக் காட்டும் கருவிகள் சில நாடுகளில் உண்டு. நெதர்லாந்தின் ஸ்டெம்வைசர் 1989இல் அச்சு வடிவில் தொடங்கியது. ஜெர்மனியின் வால்-ஓ-மாட் 2002இல் வந்தது. 38 கூற்றுகளுக்கு ஆம், இல்லை, நடுநிலை என்று பதில் சொன்னால் எந்தக் கட்சி உங்களுக்கு அருகில் இருக்கிறது என்று காட்டும். முக்கியமான கூற்றுகளுக்கு இரட்டை மதிப்பு தரும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தாவிட்டால் உங்கள் உயிர்ப் பிரச்சினையும் ஒரு சிறு விஷயமும் சம எடை பெறும். கூற்றுகளைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்று பாருங்கள். கருவி கட்சி சொல்வதை மட்டுமே அளக்கிறது. செய்யும் திறமையையும் நேர்மையையும் அதனால் அளக்க முடியாது.

படி 6: வேட்பாளர், கூட்டணி, பணம்

நல்ல வேட்பாளரா, நல்ல கட்சியா என்ற சங்கடத்துக்கு நாட்டுக்கு நாடு விடை வேறு. இந்தியாவில் 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்கலாம். மக்களவையில் முக்கியமான மசோதா வரும்போது அவர் கை கட்சியின் கைதான். ஆகவே "ஆள் நல்லவர்" என்ற காரணம் இங்கே நாம் நினைப்பதைவிட எடை குறைந்தது. தொகுதிப் பணிக்கும் குழுக் கூட்டங்களுக்கும் அது உதவும். அமெரிக்க நாடாளுமன்றத்தில் இத்தகைய சட்டம் இல்லாததால் தனிநபரின் நிலைப்பாடு அதிகம் பொருட்படுத்தத்தக்கது.

அதற்காக வேட்பாளரைப் பார்க்காமல் விடக் கூடாது. இந்தியாவில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் விளைவாக, வேட்பாளர் தன் மீதான குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவற்றைப் படிவம் 26இல் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அதைப் படிக்கலாம். குற்ற வழக்கு உள்ளவரை நிறுத்தினால் ஏன் நிறுத்தினோம் என்று கட்சி காரணம் வெளியிட வேண்டும் என்று 2020இல் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. "வெல்லக்கூடியவர்" என்பது காரணமாகாது என்றும் சொன்னது. அந்தக் காரணங்களைப் படியுங்கள். குற்றச்சாட்டும் தண்டனையும் ஒன்றல்ல என்பதையும், போராட்ட வழக்கும் கொலை வழக்கும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் கொண்டு படியுங்கள்.

கூட்டணி ஆட்சி வழக்கமாக உள்ள நாட்டில், உங்கள் கட்சி யாருடன் சேரும், யாருடன் சேராது என்று தெரியாமல் வாக்களிப்பது பாதித் தீர்மானம்தான். தேர்தலுக்கு முன்பே அதைச் சொல்ல மறுக்கும் கட்சி உங்கள் வாக்கைக் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையாக வாங்கிக்கொள்கிறது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: கட்சிக்கு நன்கொடை யார் தருகிறார்கள் என்பதை அறிவது வாக்காளரின் உரிமை. பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிவிட்ட தேர்தல் பத்திரத் திட்டத்தை இந்திய உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்தது இந்த உரிமையை முன்வைத்துத்தான். அதன்பின் வெளியான விவரங்கள் பொதுவெளியில் இருக்கின்றன. எல்லாப் பெரிய கட்சிகளுக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். பிடிக்காத கட்சிக்கு மட்டும் கேட்டால் அது ஆராய்ச்சி ஆகாது.

படி 7: கருத்துக்கணிப்பை அளவோடு பயன்படுத்துங்கள்

1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் யாருக்கு வாக்கு என்று கேட்ட லிட்டரரி டைஜஸ்ட் இதழுக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் அனுப்பினார்கள். லாண்டன் வெல்வார் என்று அது கணித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். பதில் சொன்னவர்களின் எண்ணிக்கையைவிட அவர்கள் எந்த வகை மக்கள் என்பதே முக்கியம் என்று அன்று நிரூபணமாயிற்று. இன்று ஓர் இணையதளத்தில் லட்சம் பேர் பொத்தானை அழுத்தினார்கள் என்று யாராவது காட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முறையாக ஆயிரம் பேரிடம் எடுத்த கணிப்பில் ஏறத்தாழ மூன்று சதவீதப் புள்ளிகள் இப்படியோ அப்படியோ பிழை இருக்கலாம். இரு கட்சிகளுக்கு இடையிலான இடைவெளியில் அந்தப் பிழை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். இரண்டு புள்ளி முன்னிலை என்றால் யாருக்கும் தெரியாது என்றே பொருள். நாடு தழுவிய கணிப்பை வைத்து உங்கள் தொகுதியைக் கணிக்க முடியாது. வெற்றி பெறப் போகிறவர் என்பதற்காகவே ஒருவருக்கு வாக்களிப்பதைப் போல வாக்கை மலிவாக்குவது வேறில்லை. படி 1இல் சொன்ன கணக்குகளுக்கு, அதாவது வரம்பைத் தாண்டுமா, உண்மையான போட்டி யாருக்கிடையே என்பதற்கு மட்டும் கணிப்புகளைப் பாருங்கள்.

படி 8: பேசுங்கள், ஆனால் இப்படிப் பேசுங்கள்

1940ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் ஓஹியோ மாநிலத்தின் எரீ மாவட்டத்தில் ஒரே வாக்காளர்களைப் பல மாதங்கள் திரும்பத் திரும்பச் சந்தித்தார்கள். பிரச்சாரமும் வானொலியும் பத்திரிகையும் மனத்தை மாற்றும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு வேறொன்று கிடைத்தது: தெரிந்த மனிதர்களின் பேச்சே அதிகம் பாதித்தது. விஷயங்களைக் கவனித்து வரும் ஓர் உறவினர், ஒரு சக ஊழியர், ஒரு நண்பர். ஊடகத்தில் வருவது அவர்கள் வழியாகவே மற்றவர்களைச் சேர்ந்தது. நீங்கள் தேர்தலைப் பற்றிச் சாதாரணமாகப் பேசும் பேச்சுக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. அந்தப் பலத்தைப் பொறுப்பாகக் கையாள வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பேச்சு இல்லாமல் போவதும் ஆபத்துதான். ஜெர்மானிய ஆய்வாளர் எலிசபெத் நோயல்-நாய்மன் 1974இல் இதை விளக்கினார். தன் கருத்து சிறுபான்மை என்று நினைப்பவர் தனிமைக்கு அஞ்சி வாயை மூடிக்கொள்கிறார். அவர் மௌனம் அந்தக் கருத்தை இன்னும் சிறிதாகக் காட்டுகிறது. அடுத்தவரும் மௌனமாகிறார். சத்தமாகப் பேசுபவர்கள் பெரும்பான்மை என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். குடும்பத்தில் நான்கு பேர் ஒரே குரலில் பேசும்போது ஐந்தாமவர் ஒத்துப்போகிறார் என்று எண்ணிவிடாதீர்கள்.

யாருடன் பேசுவது? மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் உங்களுடன் உடன்படுபவர்; உங்கள் வாதத்தின் ஓட்டைகளை அவரிடம் கூச்சமின்றிக் காட்டலாம். ஒருவர் எதிர்க் கட்சிக்கு வாக்களிப்பவர், ஆனால் கோபப்படாதவர். மூன்றாமவர், உங்கள் பட்டியலில் உள்ள ஒரு கொள்கையால் நேரடியாகப் பாதிக்கப்படுபவர். ஓய்வூதியம் பற்றிப் பேச ஓய்வு பெற்றவரும், பயிர்க் காப்பீடு பற்றிப் பேச விவசாயியும் தொலைக்காட்சி விவாதத்தைவிட அதிகம் சொல்லித் தருவார்கள்.

எப்படிப் பேசுவது? முதலில், எதிரில் இருப்பவர் சொன்னதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லி, சரியா என்று கேளுங்கள். அவர் ஆம் என்ற பிறகே உங்கள் கருத்து. பிறகு "ஏன் ஆதரிக்கிறீர்கள்?" என்பதற்குப் பதிலாக "இந்தத் திட்டம் எப்படிச் செயல்படும்?" என்று கேளுங்கள். 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு கொள்கை செயல்படும் விதத்தைப் படிப்படியாக விளக்கச் சொன்னபோது, தமக்குத் தெரிந்தது குறைவு என்று மக்களே உணர்ந்தார்கள். நிலைப்பாடுகளும் சற்றுத் தணிந்தன. காரணங்களை மட்டும் அடுக்கச் சொன்னபோது அந்தத் தணிவு ஏற்படவில்லை. இந்தக் கேள்வியை முதலில் உங்களிடமே கேட்டுப் பாருங்கள்.

புள்ளிவிவரத்தை எறிவதைவிட அனுபவத்தைச் சொல்வது ஆழமாகப் போகிறது. டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா இருவரும் 2016இல் வெளியிட்ட மயாமி ஆய்வில், தீர்ப்பு சொல்லாமல் கேட்டு, சொந்த அனுபவங்களைப் பகிரச் செய்த சுமார் பத்து நிமிட உரையாடல், திருநர்கள் மீதான முன்முடிவைக் குறைத்தது. அந்த மாற்றம் மூன்று மாதம் கழித்தும் நிலைத்திருந்தது. கட்சித் தேர்வு இதைவிடக் கடினமான களம். ஆனாலும் திட்டித் திருத்த முடியாது என்பது இரண்டுக்கும் பொது.

வாட்ஸ்அப் குழுவில் வாதாடாதீர்கள். பார்வையாளர்கள் இருக்கும்போது யாரும் பின்வாங்க மாட்டார்கள். மாமா அனுப்பிய தவறான செய்தியைக் குழுவிலேயே உடைத்தால் அவர் அதை இன்னும் இறுக்கிப் பிடிப்பார். தனியாக அழைத்து, "மாமா, இது பழைய படம் போலிருக்கிறது, நீங்களும் ஒருமுறை பாருங்கள்" என்றால், அவரே குழுவில் நீக்கிவிடும் வாய்ப்பு அதிகம்.

ஒருவர் தம் வாக்கைச் சொல்ல விரும்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஆஸ்திரேலியக் குடியேற்றங்களில் 1856இல் இரகசிய வாக்குச்சீட்டு வந்தது. அதற்குமுன் பல நாடுகளில் நிலவுடைமையாளரும் முதலாளியும் பார்த்துக்கொண்டிருக்கத்தான் வாக்களிக்க வேண்டியிருந்தது. கணவருக்கோ, மேலாளருக்கோ, ஊர்ப் பெரியவருக்கோ, பணம் கொடுத்தவருக்கோ உங்கள் வாக்கைப் பற்றி நீங்கள் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. வற்புறுத்தலில் சிக்கியவர் வெளியே ஒன்று சொல்லி உள்ளே வேறு பொத்தானை அழுத்துவதில் எந்தக் குற்றமும் இல்லை. அந்தத் திரை அவருக்காகவே கட்டப்பட்டது.

படி 9: கடைசி இரண்டு நாட்கள்

ஸ்லோவாக்கியாவில் 2023 செப்டம்பர் 30 தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு ஓர் ஒலிப்பதிவு பரவியது. முன்னணிக் கட்சித் தலைவர் ஒருவர் தேர்தலில் தில்லுமுல்லு செய்வது பற்றிப் பத்திரிகையாளரிடம் பேசுவதாக அது இருந்தது. செயற்கை நுண்ணறிவால் புனையப்பட்டது என்று சரிபார்ப்பாளர்கள் சொன்னார்கள். பிரச்சாரத்துக்குத் தடை உள்ள நேரம் என்பதால் மறுப்பைப் பரப்புவதும் கடினமாக இருந்தது. இந்தியாவிலும் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரச்சாரம் ஓய்ந்திருக்கும். பொய்க்கு இதைவிட வசதியான நேரம் இல்லை.

ஒரு விதியை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்: கடைசி 48 மணி நேரத்தில் வரும் எந்த அதிர்ச்சிச் செய்தியும், தொடர்பில்லாத இரண்டு நம்பகமான செய்தி நிறுவனங்கள் தாமாகச் சரிபார்த்து வெளியிடாத வரை என் முடிவை மாற்றாது. உறுதியாகாததை யாருக்கும் அனுப்பவும் மாட்டேன்.

படி 10: முடிவெடுங்கள்

கோட்டுக்கு மேலே எழுதியவற்றில் தவறிய கட்சிகளை அடியுங்கள். மீதமுள்ளவற்றை உங்கள் பட்டியலுடன் ஒப்பிடுங்கள். வரலாற்றுக்கு வாக்குறுதியைவிட அதிக எடை கொடுங்கள். மதிப்பெண் போட்டுக் கூட்டினால் முடிவு வந்துவிடும் என்று நான் நம்பவில்லை, ஏனென்றால் ஐந்தில் ஒன்று மற்ற நான்கையும் சேர்த்ததைவிட உங்களுக்குப் பெரிதாக இருக்கலாம். எண்களைப் போட்டுவிட்டு, வந்த விடை உங்களுக்கு நிம்மதி தருகிறதா, உறுத்துகிறதா என்று பாருங்கள். உறுத்தினால் எதை எழுதாமல் விட்டோம் என்று தேடுங்கள்.

இரண்டு கட்சிகள் சமமாக நின்றால், எந்தக் கட்சி தவறு செய்தால் ஐந்தாண்டில் திருத்துவது எளிது என்று கேளுங்கள். ஆட்சி அமைக்க வாய்ப்பில்லாத கட்சிக்கு வாக்களிப்பதும் பொருளுள்ள தேர்வுதான். வலுவான எதிர்க்கட்சி இல்லாத அவையில் மசோதாக்கள் விவாதமின்றி நிறைவேறும். முதலில் பிடித்த கட்சியிலேயே வந்து நின்றாலும் பரவாயில்லை. இப்போது அதன் குறைகளும் உங்களுக்குத் தெரியும்.

வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதை இதற்கெல்லாம் முன்பே, சேர்ப்பதற்கான கெடு முடிவதற்குள், பார்த்துவிடுங்கள். அடையாள அட்டை கையில் இருப்பதாலேயே பெயர் பட்டியலில் இருக்கும் என்று சொல்ல முடியாது. விருப்ப வரிசை முறை என்றால் எத்தனை எண்கள் கட்டாயம் என்று தேர்தல் ஆணையத்தின் குறிப்பைப் படியுங்கள். நோட்டுப் புத்தகத்தை எடுத்து வையுங்கள்: புதிய அரசின் முதல் பட்ஜெட் வரும் நாளில், கூட்டணி ஆட்சி என்றால் கூட்டணி ஒப்பந்தம் வெளியாகும் நாளிலும், உங்கள் ஐந்து விஷயங்களுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று எழுத வேண்டியிருக்கும். எதுவும் ஒதுக்கவில்லை என்றால் உங்கள் உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், எந்த வாக்குறுதி, அறிக்கையின் எந்தப் பக்கம் என்று குறிப்பிட்டு.